கணக்கப்பிள்ளை கட்டிய கப்பல்

நல்லமுத்து கணக்கப்பிள்ளை தன் வாழ்நாளில் கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். கொழும்புக்கு ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில், காலிமுகத் திடலில் நின்று இறால் வடை தின்றுகொண்டே பார்த்தார். வடை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார். அப்படிப்பட்ட மனுசன் கப்பல் செய்கிறார் என்றால் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் சும்மா இருக்குமா? "மலையில நிக்கிற ஆளுக்கு எதுக்குப்பா கப்பலு? தொவைக்கிற கல்லுல கட்டி வைக்கவா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை.

அவரோ வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவின் பின்பக்கம் தகரம் இறக்கிய சாய்ப்பில் உட்கார்ந்துவிடுவார். தீக்குச்சியில் ஒன்று, மூங்கிலில் ஒன்று, பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒன்று என்று ஏழெட்டுக் கப்பல் செய்துவிட்டார். ஒன்று கோயில் வாசிகசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒன்றை, முன்பு தோட்டத்தை நடத்திய பெரிய தொரை கேட்டு வாங்கிப் போனார். எல்லாம் பார்க்கத்தான். ஒன்றுகூடத் தண்ணீரைத் தொட்டதில்லை.

பிழைப்பு என்னவென்றால், தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கொழுந்து நிறுப்பது. பெண்கள் மலையிலிருந்து சாக்கோடு இறங்கி வந்து, நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் வரிசையாக நிற்பார்கள். நல்லமுத்து ஒவ்வொரு சாக்கையும் தராசுக் கொக்கியில் மாட்டுவார். வட்டத் தராசின் முள் ஆடி நிற்கும். நின்ற இடத்தை அவர் சொல்ல மாட்டார். அதற்குக் கீழே ஒன்றைச் சொல்லுவார். சாக்குக்கு, மழை ஈரத்துக்கு என்று வெட்டுவது தோட்டத்து வழக்கம். அவர் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அவர் வெட்டுகிற வேகம் அவருடையது. முள் பதினெட்டில் நிற்கும்போதே வாய் பதினாறு என்று சொல்லி முடித்திருக்கும். சொந்தப் பெண்சாதி வீரம்மாவின் சாக்குக்கும் அதே வெட்டுதான். பாரபட்சம் பார்க்கிறார் என்று ஒருத்தி வாயைத் திறக்கக் கூடாது அல்லவா? அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு. அன்றைக்கு ராத்திரி வீட்டில் குழம்பு உப்பில்லாமல் இருக்கும். பெருமைக்கு அவர் கொடுத்த விலை அது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரே மகன் நிரோஷன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன், அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலுக்குச் சமையல் உதவியாளாகப் போனான். முதல் வருசம் படம் படமாக அனுப்பினான். கப்பல் மேல்தட்டில் நின்று ஒரு படம், சாக்குமூட்டை ஏற்றுகிற கிரேனுக்குப் பக்கத்தில் ஒரு படம், சின்னப் படகிலிருந்து கப்பலின் முழு நீளத்தையும் எடுத்த ஒரு படம். பிறகு ஒரு நாள் கப்பல் முதலாளி கடனில் மாட்டி ஓடிப்போனான். கப்பலை ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட வைத்துவிட்டார்கள். ஆட்களை இறங்கவும் விடவில்லை. நிரோஷன் கடைசியாகப் பேசியபோது, "குடிக்கிற தண்ணி அளந்துதான் குடுக்குறாங்கம்மா" என்றான். அதற்குப் பிறகு போனே இல்லை. கொழும்பில் கேட்டால், பார்க்கிறோம் என்கிறார்கள். எத்தனையோ மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வீரம்மா இளைத்துப் போனாள். சோற்றைப் பிசைவாள், வைத்துவிடுவாள். திருவிழாவில் கரகம் இறங்கிய அன்று, மாரியம்மன் சந்நிதியில் ஊரே நிற்க, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

"தாயே! என் புள்ள இருக்கிற கப்பல் மாதிரியே ஒரு கப்பல் செஞ்சு, வெளக்கேத்தி, இந்தத் தண்ணிய தாண்ட வைக்கிறேன். அது கரை சேந்துச்சுன்னா என் புள்ளையும் கரை சேருவான். நீதான் காட்டணும்!"

ஊர் திரும்பி நல்லமுத்துவைப் பார்த்தது. வேண்டுதல் அவளுடையது, வேலை அவருடையது. கரை சேர்ந்தால் என்ன என்று அவள் சொல்லிவிட்டாள். சேராவிட்டால் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

தண்ணீர் என்று அவள் சொன்னது நீர்த்தேக்கத்தை. தோட்டத்துக்குக் கீழே அது ஒரு கையை நீட்டி இரண்டு மலைக்கு நடுவில் நுழைந்திருக்கிறது. இந்தக் கரையில் மாரியம்மன் கோயில் படித்துறை. அந்தக் கரையில் முனியாண்டி கல். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் மத்தியானம் திரும்பினால் கணவாய்க் காற்று இறங்கும்.

ராத்திரி அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"வீரம்மா, ஒரு நைலோன் கயிறு கட்டி விட்டுருவோமா? அந்தப் பக்கம் உன் அண்ணன் மகன் பிரதாப் நின்னு இழுத்துக்குவான். தெரியாது."

"கயிறு கட்டி இழுக்குறதுக்கு அது என்ன மாடா? சாமிகிட்ட தாண்ட வைக்கிறேன்னு சொன்னேன். இழுத்துட்டு வாறேன்னா சொன்னேன்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் சிக்கல், அளவு. அந்தக் கப்பல் எத்தனை அடி என்று யாருக்குத் தெரியும்? நல்லமுத்து ஹட்டனுக்குப் போய்ப் படங்களைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தார். வாசல் நிலைக்கட்டையில் மகன் உயரத்துக்கு வருசா வருசம் போட்ட கோடு இருந்தது. கடைசிக் கோடு ஐந்தடி ஏழு அங்குலம். மேல்தட்டுப் படத்தில் அவன், சரக்கு இறக்கும் வாயை மூடுகிற கதவை ஒட்டி நிற்கிறான். ஆகவே கதவின் உயரம் தெரிந்தது. கதவு தெரிந்தால் அதன் அகலம் தெரியும். முழு நீளப் படத்தில் அதே கதவுகள் வரிசையாகத் தெரிகின்றன. கவராயத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி அளந்தார். பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சின்னதாகவும் படம் ஏமாற்றும். அதனால் ஒரே தூரத்தில் இருக்கிற இரண்டு பொருளை மட்டும்தான் ஒப்பிட்டார். எல்லாவற்றுக்கும் அடிக்கோல் மகன்தான். மகனை ஒரு அங்குலமாக வைத்தால் கப்பல் நாலரை அடி வந்தது.

"ஒரு அங்குலமா?" என்றாள் வீரம்மா. "அப்ப அவனையும் செஞ்சு வைங்க. ஆள் இல்லாத கப்பல நான் எதுக்கு அனுப்பணும்?"

வேறு வழியில்லை. தேயிலைச் செடியில் வெட்டிப் போட்ட மிலாற்றுக் குச்சியில் ஒரு அங்குல மனுசனைச் செதுக்கினார். சட்டைக்கு நீலம் அடித்தார். பிறகு கப்பல் எழும்பியதும் மேல்தட்டுக் கம்பிக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிய பிறகு அவரால் அந்தப் பக்கம் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது சிக்கல், மரம். தேயிலைப் பெட்டிப் பலகையில் விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்கள் வெட்டி, நடுக்கட்டையில் நிறுத்தி, மேலே மெல்லிய சட்டங்களை ஒட்டிக்கொண்டு போக வேண்டும். சட்டம் வளைவதற்குக் கேத்தல் மூக்கில் ஆவி பிடித்தார். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீரெல்லாம் கப்பலுக்கே போனது. அவசரத்தில் இடது பக்கம் முழுவதையும் ஒட்டி முடித்துவிட்டுத்தான் வலது பக்கம் தொடங்கினார். காலையில் பார்த்தால் கப்பல் கதலிப்பழம் மாதிரி வளைந்து கிடந்தது. ஒரு பக்கப் பசை காய்ந்து இழுத்துவிட்டது. பக்கத்துக் காம்பரா ராக்காயி தகரத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன கணக்கப்புள்ள அண்ணே, கப்பலு வளைவுல திரும்புதோ? ஹட்டன் ரோட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!"

வீரம்மா அந்த வளைந்த கப்பல் உடம்பைப் பார்த்தாள். போய்க் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள். அது அவருக்கு ராக்காயியின் கேலியைவிடக் கடுமையாக இருந்தது.

இரண்டாவது தடவை இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, மாறி மாறி ஒட்டினார். மூடுபனிக் காலம். மரம் தண்ணீர் குடித்து உப்பும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு மெதுவாகக் காய வைத்தார். வெளிப்புறத்துக்கு, ஹட்டனில் பஸ் ஓட்டை அடைக்கிற பைபர் பிசினை வாங்கி வந்து துணியோடு பூசினார். நாற்றத்தில் லயத்து நாய்கள்கூட இடம் மாறிப் படுத்தன.

மூன்றாவது, ஓட்டம். உடைந்த விளையாட்டு ஜீப்பிலிருந்து மோட்டார். பால்மா டின்னை வெட்டி விசிறி. விசிறியின் தண்டு வெளியே போக ஓட்டை போட்டாக வேண்டும். ஓட்டை போட்டால் தண்ணீர் வரும். பழைய குடைக்காம்பை வெட்டிக் குழாயாக வைத்து, அதற்குள் குடைக்கம்பியை விட்டு, குழாய் முழுக்க கிறீஸ் அடைத்தார். கம்பி சுற்றும், கிறீஸ் தண்ணீரை உள்ளே விடாது. ஏறக்குறைய.

கடைசி, பாரம். இதில்தான் மனுசன் நிஜமாகவே பயந்தார். வெறும் கப்பல் தண்ணீரில் வாத்து மாதிரி உயர்ந்து மிதக்கும், ஒரு காற்றுக்குக் கவிழும். அடியில் பாரம் வைத்தால்தான் நிமிர்ந்து நிற்கும். கூடிப்போனால் மேல்தட்டில் தண்ணீர் ஏறும். குறைந்துபோனால் கவிழும். படத்தில் கப்பலின் கீழ்ப்பாதி சிவப்பு, மேல்பாதி கறுப்பு. இரண்டும் சேருகிற கோட்டில் தண்ணீர் நிற்க வேண்டும்.

லயத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலித் தொட்டியில் கப்பலை மிதக்கவிட்டு, கூட்டுறவுக் கடையிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகளை வாங்கி வந்து ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். சிவப்புக் கோடு தண்ணீரைத் தொட்டபோது பன்னிரண்டு பாக்கெட் உள்ளே இருந்தது. பன்னிரண்டு கிலோ. சரி. உப்பை எடுத்துவிட்டு அதே எடைக்கு ஈயம் வைத்தால் போதும். ஈயம் சின்னதாக அடியில் படுத்துக்கொள்ளும்.

ஈயம் கொண்டுவர வேண்டியவன் பிரதாப். அவன் ஹட்டனில் திரீவீலர் ஓட்டுகிறான். பழைய பெட்டரிக் கடையில் சொல்லி வைத்திருந்தான். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, நேர்த்திக்கடனுக்கு முதல்நாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தான். அதற்குள் வீரம்மா கப்பலைக் கோயிலுக்குக் கொண்டுபோக, பூசாரி மஞ்சள் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டார்.

மடுவத்தில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. நல்ல மழை. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தூணோரம் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் கடைசிச் சாக்கு இறங்கியதும், அதே கொக்கியில் நல்லமுத்து ஈயத்தை ஒரு நனைந்த சாக்குத் துண்டில் அள்ளிப் போட்டு மாட்டினார். "பன்னெண்டு" என்றார். இறக்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து சின்னச் சின்ன துணி முடிச்சாகக் கட்டி, கப்பல் அடியில் வரிசையாக வைத்து, நகர்ந்துவிடாமல் மெழுகு உருக்கி ஊற்றினார். பாரம் ஒரு பக்கம் சரிந்தால் அதுவே கப்பலைக் கவிழ்த்துவிடும்.

"தொட்டியில ஒரு தடவ வச்சுப் பாத்துட்டா நல்லது" என்றார்.

வீரம்மா குறுக்கே நின்றாள். "கயிறு கட்டியாச்சு. இனி அது தொடுற மொதத் தண்ணி நேத்தித் தண்ணிதான். பீலியில போட்டா பீலிக்குத்தான் நேத்தி."

"உப்பு வச்சுப் பாத்தேன்தான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படுத்தார். தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே படித்துறையில் கூட்டம். கீழ்ப்பிரிவில் ஒரு பெண்கூட வீட்டில் இல்லை. பொங்கலுக்குக் கல் கூட்டி, அரிசியும் பயறும் சக்கரையும் பக்கத்தில் இருந்தன. பிரதாப் திரீவீலரில் சுற்றிப்போய் அந்தக் கரையில் முனியாண்டி கல்லருகே நின்றான். இங்கிருந்து பார்த்தால் அவன் சிவப்புச் சட்டை மட்டும் தெரிந்தது. வானம் இன்னும் அமைதியாக இருந்தது. கணவாய்ப் பக்கம் மட்டும் மேகம் நகர ஆரம்பித்தது.

பூசாரி கற்பூரம் காட்டினார். கப்பலின் நடுவில் கண்ணாடிச் சிமிழுக்குள் அகல் ஏற்றினார்கள். நல்லமுத்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் கப்பலைத் தாங்கி மெதுவாக இறக்கினார்.

கையை எடுத்தார். கப்பல் மிதந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

அவர் குலவையைக் கேட்கவில்லை. அவர் கண் சிவப்புக் கோட்டைத் தேடியது. கோடே இல்லை. சிவப்பு முழுக்கத் தண்ணீருக்குள் போய், கறுப்பும் பாதி முங்கி, மேல்தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் பாக்கி. கம்பிக்குப் பக்கத்தில் நீலச் சட்டை போட்டவன் தண்ணீரைக் குனிந்து பார்ப்பது மாதிரி நின்றான். ஒரு சின்ன அலை வந்தது. தட்டில் ஏறி அவன் காலை நனைத்துவிட்டுப் போனது.

குலவை பாதியில் நின்றது.

"என்னங்க?" என்றாள் வீரம்மா கரையிலிருந்து.

"ஒன்னுமில்ல. பொறு."

கப்பலைத் தூக்கிக் கரையில் துண்டு விரித்து வைத்தார். மூடியைத் திறந்தார். ஓட்டையா? உள்ளே கையை விட்டுத் தடவினார். சொட்டுத் தண்ணீர் இல்லை. குடைக்குழாய் காய்ந்து இருந்தது. மரம் ஈரம் குடித்துவிட்டதா? பைபர் பூசிய மரம் ஒரு ராத்திரியில் எவ்வளவு குடிக்கும்? மோட்டார், பெட்டரி எல்லாம் உப்பு வைத்த அன்றும் இருந்தன. விளக்கு கைப்பிடி எடை. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்து கப்பல் முங்குகிறது.

"பாரம் கூடிருச்சு போல" என்றார் பூசாரி. "கொஞ்சம் எடுத்துப் போடுங்களேன்."

"கொஞ்சம்னா எவ்வளவு சாமி?" என்றார் நல்லமுத்து. "கொறைய எடுத்தா முங்கும். கூட எடுத்தா அந்தா வருது பாருங்க காத்து, நடுத் தண்ணியில கவுத்துடும். எவ்வளவு கூடியிருக்குன்னு தெரியாம எதைத் தொடுறது? பன்னெண்டு கிலோதான் வச்சேன். நானே நிறுத்தேன்!"

"நீங்களே நிறுத்தீங்களா?" என்றாள் ராக்காயி.

"பின்ன? மடுவத்துத் தராசுலதான். நேத்து."

ராக்காயி வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். அடைத்தும் நிற்கவில்லை.

"அடி ஆத்தே! ஈயத்துக்கும் ஈரத்துக்கு வெட்டிட்டாருடி!"

சிரிப்பு படித்துறையில் கீழிருந்து மேலே ஏறியது. நல்லமுத்து சிரிக்கவில்லை. அவர் கண்முன்னே நேற்றைய தராசு வந்தது. நனைந்த சாக்கு. கொக்கி. முள். முள் எங்கே நின்றது? பார்த்த ஞாபகமே இல்லை. வாய் பன்னிரண்டு என்றது மட்டும் ஞாபகம் இருந்தது. இத்தனை வருசமாக முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்ட கை அல்ல அது. பார்க்காமலே குறைக்கிற கை. எடையைக் குறைத்துச் சொன்னால் பொருள் கூடத்தான் போகும். பன்னிரண்டு என்று சொல்லிப் பன்னிரண்டுக்கு மேலே ஏற்றிவிட்டார்.

"எங்ககிட்ட வெட்டுனதெல்லாம் சேந்து கப்பல்ல ஏறிருச்சு" என்று பின்னாலிருந்து ஒருத்தி. "முங்காம என்ன செய்யும்?"

"சும்மா இருங்கடி!" வீரம்மாவின் குரல் அவ்வளவு உரக்க வந்து யாரும் கேட்டதில்லை. சிரிப்பு அறுந்தது. அவள் கணவர் பக்கத்தில் வந்து குந்தினாள். கண் நீலச் சட்டைக்காரன் மேலேயே இருந்தது. "எவ்வளவு வெட்டுனீங்க?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா?"

"வாயி தானா சொல்லிருச்சு வீரம்மா. சத்தியமா தெரியல."

"நான் சொல்றேன்" என்றாள் ஜெயந்தினி, மலையில் எல்லாரையும்விட வேகமாகக் கொழுந்து எடுக்கிறவள். "தூறலுக்கு ஒன்னு. மழைன்னா ரெண்டு."

"கண்டாக்கு பக்கத்துல நின்னா மூனு" என்றாள் ராக்காயி. "அது எல்லாருக்கும் தெரியும். நேத்து நின்னாரா இல்லையா?"

"நின்னாருடி, ஆனா கடைசியில போன்ல பேசிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. அப்ப ரெண்டுதான்."

"திரும்புனா என்ன? நின்னாருல்ல?"

அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே, அவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததைப் பெண்கள் மழைக்கு இவ்வளவு, கண்டாக்குக்கு இவ்வளவு என்று பிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லமுத்து தலையை நிமிர்த்தவில்லை. கணவாயிலிருந்து முதல் காற்று வந்து அவர் நனைந்த வேட்டியை அசைத்தது. இரண்டா மூன்றா? அந்த ஒரு கிலோவில்தான் நிற்பதும் கவிழ்வதும் இருந்தது. ஊகத்தில் எடுத்துவிட்டு மகனை நடுத் தண்ணீருக்கு அனுப்புவதா?

வீரம்மா கையை உயர்த்தினாள். எல்லாரும் அடங்கினார்கள்.

"நேத்து கடைசிச் சாக்கு என்னோடது" என்றாள். யாரையும் பார்க்காமல், மெதுவாக. "முள்ளு இருவத்தொன்னுல நின்னுச்சு. நான் பாத்தேன். நீங்க பதினெட்டுன்னீங்க. அதுக்கு அடுத்துத்தான் ஈயத்த மாட்டுனீங்க. என் சாக்குக்கு வெட்டுன அதே கையி. மூனு எடுங்க."

நல்லமுத்து அவளைப் பார்த்தார். அவள் பார்த்தாள் என்பது அவருக்குத் தெரியாது. நேற்று மட்டுமா பார்த்தாள், எப்போதும் பார்த்தாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் இருந்தாலும் நேரம் இல்லை.

"மூனு" என்றார்.

கரையில் தராசு இல்லை. மடுவத்துக்கு ஆள் அனுப்பினால் காற்று முந்திவிடும். அவர் ஒரு நிமிசம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "யாருகிட்டயாவது மட்டக்கம்பு இருக்கா?" என்றார். தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கிற அந்த நீளக் குச்சியை ஜெயந்தினி கொண்டுவந்தாள். அதன் சரி நடுவில் கயிறு கட்டி ராக்காயியைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஒரு முனையில், பொங்கலுக்கு வைத்திருந்த பிரிக்காத ஒரு கிலோ பாக்கெட் மூன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அரிசி ரெண்டு, சக்கரை ஒன்று. மெழுகைச் சுரண்டி ஈய முடிச்சுகளை எடுத்து மறுமுனையில் ஒவ்வொன்றாகக் கோத்தார். குச்சி சாய்ந்து கிடந்தது. இன்னொன்று. இன்னும் சாய்ந்து கிடந்தது. இன்னொன்று.

"கையை ஆட்டாத ராக்காயி!"

"நான் எங்க ஆட்டுறேன்? உங்களுக்குத்தான் கண்ணு ஆடுது."

சாய்ந்த குச்சி மெல்ல எழுந்து, மட்டமாக நின்றது. அவர் ஒரு முடிச்சைக் கழற்றிப் பார்த்தார். சாய்ந்தது. மறுபடி மாட்டினார். நின்றது. இந்தத் தடவை வாயைத் திறந்து எதையும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

எடுத்ததை எங்கிருந்து எடுத்தார் என்பதும் முக்கியம். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், இரு பக்கமும் சமமாக எடுத்திருந்தார். மீதி முடிச்சுகளுக்குக் கற்பூரத் தட்டில் மெழுகை உருக்கி ஊற்றினார். மூடியின் விளிம்பில் கிறீஸ் தடவி அமுக்கினார். வீரம்மா அவர் கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கினாள். மூடி இறங்கியது.

மறுபடி தண்ணீர். கையை எடுத்தார்.

சிவப்புக் கோடு தண்ணீர் மட்டத்திலேயே நின்றது. மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் குலவை போடவில்லை. ஒரு தடவை போட்டு வாயைச் சுட்டுக்கொண்டார்கள்.

மோட்டாரைத் தட்டினார். பால்மா டின் விசிறி தண்ணீரைக் கலக்கியது. கப்பல் அவர் கையை விட்டுப் போயிற்று.

பாதி தூரம் நேராகப் போனது. அதற்குப் பிறகு காற்று வந்தது. தண்ணீரின் நிறம் மாறி, சுருக்கம் சுருக்கமாக அலை எழுந்து, கப்பலின் பக்கவாட்டில் அடித்தது. கப்பல் சாய்ந்தது. சாய்ந்த கப்பல் எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்பதில்தான் விசயம். சட்டென்று நிமிர்ந்தால் அடியில் பலம் இருக்கிறது. யோசித்து யோசித்து நிமிர்ந்தால் அடுத்த சாய்வில் நிமிராது. கப்பல் சாய்ந்தது, நிமிர்ந்தது. சாய்ந்தது, கொஞ்சம் தாமதித்து நிமிர்ந்தது. விளக்கு ஒரு நொடி தெரியவில்லை.

"போச்சு!" என்றாள் யாரோ.

"வாயக் கழுவுடி" என்றாள் ராக்காயி. அவள் இன்னும் மட்டக்கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். இறக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இல்லை.

விளக்கு மறுபடி தெரிந்தது. காற்று கப்பலைப் போக வேண்டிய இடத்திலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனது. முனியாண்டி கல்லை விட்டு விலகி, சேறும் கட்டையுமாக இருந்த பக்கம் திரும்பியது. அந்தக் கரையில் சிவப்புச் சட்டை ஓட ஆரம்பித்தது. நல்லமுத்துவுக்கு ஓட இடமில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, தன் உடம்பையே வலப்பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார், அப்படிச் சாய்ந்தால் கப்பல் திரும்பிவிடும் என்பது மாதிரி. வீரம்மா படியில் நின்றாள். அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. மலையில் நின்று அடுத்த செடியைப் பார்க்கிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கட்டையில் மோதியது. நின்றது. அலை ஒன்று பின்னாலிருந்து தூக்கி, கட்டையைத் தாண்டி இறக்கியது. அதற்கு மேல் இங்கிருந்து தெரியவில்லை. மூடுபனி ஒரு துண்டு குறுக்கே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா பனி வர வேண்டும்!

பனிக்குள்ளிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. சந்தோசமா அலறலா என்று பிரிக்க முடியவில்லை. பனி விலகியபோது பிரதாப் தொடையளவு சேற்றில் நின்று கப்பலைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போது போட்டார்கள் பாருங்கள் குலவை! ஹட்டன் வரைக்கும் கேட்டிருக்கும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். கொஞ்சம் வெட்டிக்கொண்டு நம்பலாம்.

நல்லமுத்து படியில் உட்கார்ந்துவிட்டார். படியில் வைத்திருந்த போன் அடித்தது. பிரதாப்.

"மாமா, கரைக்கு வந்திருச்சு. எல்லாம் நல்லாயிருக்கு. ஆனா உள்ள ஒரு கோப்ப தண்ணி நிக்குது மாமா. பின்பக்கம் அந்தக் கம்பி வழியா வந்திருக்கு. இன்னும் கொஞ்ச தூரம் இருந்திருந்தா..."

நல்லமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆனால் பிரதாப்பின் தொண்டை பெரிது. பக்கத்தில் நின்ற வீரம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"ஆளு நிக்கிறானா?"

"யாரு அத்தை?"

"நீலச் சட்ட."

"நிக்கிறான் அத்தை. கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"தண்ணியக் கொட்டிட்டுத் துணியால தொடச்சு வை. கடல்ல இருக்கிறவனுக்கு ஒரு கோப்பத் தண்ணி வராம இருக்குமா?"

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பொங்கல் கல்லின் பக்கம் திரும்பினாள். ஈயத்தோடு தொங்கிய அரிசிப் பாக்கெட்டைக் குச்சியிலிருந்து கழற்றினாள்.

"அடுப்பப் பத்த வைங்கடி" என்றாள். "எனக்குப் பசிக்குது."